ஓடும் பிள்ளைக்கு நாரி நோவதேன்?

எங்கள் அயலிலே ஒரு மாணவன் இருக்கின்றான். வயது பதினேழு, உயர்தர வகுப்பிலே படிப்பவன், ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓட்டத்தில் தன் இல்லத்துக்காக ஓடுபவன். சென்ற ஆண்டு, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கையில், ஒருநாள் மாலை எம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்திருந்தான். விடைபெற்று எழும்பியபோது, இரு கைகளையும் முழந்தாள்களில் ஊன்றி, எழுபது வயதுக் கிழவரைப்போல மெல்ல மெல்ல நிமிர்ந்தான்.

"என்ன தம்பி, நாரியிலே நோவா?" என்று கேட்டேன்.

முதலில் இல்லை என்றான். வற்புறுத்திக் கேட்டபோது, "மூன்று வாரமாக நோகிறது மாமா. அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஓட விடமாட்டா" என்றான்.

அவன் அச்சத்திலே நியாயம் இருந்தது. அத்தாயின் தமையனார் ஒருவர் நாரி நோவினாற் பல மாதம் பாயிலே கிடந்தவர். ஆதலின், நாரி நோவென்ற சொல்லைக் கேட்டாலே அவ்வம்மையார் நடுங்குவார். ஓடினால் முள்ளந்தண்டு கெட்டுவிடும் என்பது தாயின் பயம். சொன்னால் ஓட்டம் போய்விடும் என்பது மகனின் பயம். இவ்விரு பயங்களுக்கும் இடையே நோவு மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்து வந்தது. இத்தகைய பிள்ளைகள் நம் வீடுகளிற் பலர் உளர். அவர்களையும் அவர்தம் பெற்றோரையும் எண்ணியே இக்கட்டுரையை எழுதலானேன்.

ஓட்டம் நாரியைக் கெடுக்குமா?

நாரி நோவு அரிய நோயன்று. 2020ஆம் ஆண்டில் உலகிலே 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இந்நோவுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலாருக்கு ஆபத்தான நோய் எதுவும் உள்ளே மறைந்திருப்பதில்லை. புதிதாய்த் தோன்றும் நோவு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் நன்கு தணிந்துவிடும். முற்காலத்தில், நாரி பிடித்தவரை அசையாது படுத்துக் கிடக்கும்படி வைத்தியர்கள் பணித்தனர். இக்கால வைத்தியரோ, இயன்றவரை எழுந்து நடமாடுங்கள் என்கின்றனர். அசையாது கிடப்பதால் தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, மனத்திலே பயமும் குடிபுகுகின்றது.

முள்ளென்புகளுக்கு இடையே வட்டுகள் என்னும் மெத்தைகள் உள்ளன. வளர்ந்தோரின் வட்டுகளுக்கு இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு. சூழவுள்ள பகுதிகளிலிருந்து ஊறிச் செல்லும் நீரும் சத்துமே அவற்றுக்கு உணவு. 2017ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர், ஐந்தாண்டுகளுக்கு மேலாகக் கிரமமாக ஓடிவந்தோரின் வட்டுகளை, தேகாப்பியாசம் செய்யாதோரின் வட்டுகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஓடுவோரின் வட்டுகளிலேயே நீர்ச்சத்து மிகுந்திருக்கக் கண்டனர். ஓர் ஒப்பீட்டை மட்டும் கொண்டு முடிந்த முடிபு கூறுதல் தகாது. ஆயினும், ஓட்டம் வட்டுகளைத் தேய்த்துவிடும் என்னும் பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பது இதனாற் புலனாகும்.

அங்ஙனமாயின், ஓடும் பிள்ளைக்கு நாரி நோவதேன்?

நோவு ஓரிடம், குறை வேறிடம்

தலைவலிக்குத் தலையணையை மாற்றுவது போன்றதோர் பிழையை நாம் இங்கே செய்துவிடுகின்றோம். நாரி நோகிறது, ஆகவே குறையும் நாரியிலேதான் என்று கருதி, அதனையே தேய்க்கின்றோம், முறுக்குகின்றோம், கட்டுகின்றோம். ஆனால், ஓடுவோர் பலரிடத்தில் நாரி தன் குற்றத்துக்காக வருந்துவதில்லை. தன் அயலிலுள்ள இடுப்பு மூட்டின் கடனைத் தான் இறுக்கின்றது.

இது நிகழுமாற்றைப் பார்ப்போம். நாரிப் பகுதியிலே ஐந்து முள்ளென்புகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் பக்கங்களிலிருந்து ஒரு வலிய தசை புறப்பட்டு, இடுப்பின் முன்புறமாகச் சென்று, தொடையென்பின் மேற்பகுதியிலே முடிகின்றது. தொடையை மேலே தூக்குவது இதன் பிரதான தொழில். நாம் கதிரையில் அமர்ந்திருக்கும்போது இத்தசை மடிந்து சுருங்கிய நிலையிலே இருக்கின்றது. காலையிற் பாடசாலை வாங்கு, மாலையிற் ரியூசன் வகுப்பு வாங்கு, இரவில் வீட்டு மேசை என ஒரு நாளிற் பத்து மணித்தியாலம் மாணவன் அமர்ந்திருந்தால், இடுப்பின் முன்புறம் நீளும் பழக்கத்தையே மறந்துவிடுகின்றது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு தொடை உடலுக்குப் பின்னே செல்லல் வேண்டும். இடுப்பின் முன்புறம் இளகிக் கொடுக்காவிடின், அக்குறையை நிரப்ப நாரி உள்வளைந்து கொடுக்கின்றது. நிமிடத்துக்கு 160 அடியாக அரை மணித்தியாலம் ஓடுபவன் 4,800 அடி வைக்கின்றான். ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து உடலைத் தாக்கும் விசை அவன் நிறையைப்போல் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு. வயிற்றுத் தசைகளும் பிட்டத் தசைகளும் வலிமையற்றிருந்தால், இத்தாக்கத்தின்போது நடுவுடலை நிலையாகப் பிடிப்பார் எவருமில்லை. 4,800 முறை சிறிது சிறிதாக வளைந்த நாரி மாலையிலே முறையிடுவதில் வியப்பென்ன?

எங்கள் மாணவனின் கதையும் இதுவே. பரீட்சைக்காக மூன்று மாதம் மேசையை விட்டு அவன் எழும்பவில்லை. பரீட்சை முடிந்த மறுவாரமே நாள்தோறும் ஐந்து கிலோமீற்றர் ஓடத் தொடங்கினான். உடல் ஆயத்தமாகுமுன் மனம் ஓடிவிட்டது.

முதலில் வைத்தியரிடம்

பயிற்சிகளைக் கூறுமுன் பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை. வளரும் பிள்ளைகளிடத்தே நாரி முள்ளென்பின் பின்பகுதியில், பெரும்பாலும் ஐந்தாவது முள்ளென்பிலே, மீண்டும் மீண்டும் ஏற்படும் அழுத்தத்தால் நுண்ணிய வெடிப்பு உண்டாதல் உண்டு. ஓடுவோர், பந்து வீசுவோர், கரணம் பயில்வோர் ஆகியோரிடம் இதனைக் காணலாம். பின்புறமாகச் சாயும்போது நோவு கூடுவதும், விளையாடும்போது மிகுந்து ஓய்ந்திருக்கும்போது குறைவதும் இதன் குறிகள். இவ்வெடிப்பு ஆறுவதற்குச் சில வாரங்களோ சில மாதங்களோ விளையாட்டை நிறுத்தி வைத்தல் வேண்டும். நோவை ஒளித்துக்கொண்டு ஓடும் பிள்ளை ஆறக்கூடிய வெடிப்பையும் ஆறவிடாது செய்துகொள்வான். ஆகையால், பதின்பருவத்துப் பிள்ளைக்கு நாரி நோவு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்க.

பின்வருவன எந்த வயதினர்க்கு நேரினும் நாள் கடத்தலாகாது: சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் கழிக்க இயலாதிருத்தல், தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி மரத்துப் போதல், கால் வலுவிழந்து துவளுதல். இவை தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். காய்ச்சலோடு கூடிய நோவு, காரணமின்றி உடல் மெலிதல், இரவில் நித்திரையைக் கலைக்கும் நோவு, விழுந்து அடிபட்டபின் வந்த நோவு ஆகியவற்றையும் தாமதமின்றி வைத்தியருக்குக் காட்டுதல் நன்று.

எங்கள் மாணவனை அன்றிரவே தாயிடம் உண்மை கூறும்படி செய்தேன். மறுநாள் தாயும் மகனும் வைத்தியரிடம் சென்றனர். அவர் அவனை முன்னே குனியச் செய்தார். பின்னே சாயச் செய்தார். கால்களின் வலிமையையும் உணர்ச்சியையும் சோதித்தார். "என்பிலே குறையிருப்பதாகத் தோன்றவில்லை. இடுப்புத்தான் மரக்கட்டை போல இருக்கின்றது" என்று கூறி, தேகாப்பியாசத்தாற் சிகிச்சை செய்யும் இயன்மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவனுக்குக் கற்பித்தவற்றுட் பலவும் நாரி நோவு இல்லாதாரும் செய்யத்தக்கவை.

இடுப்பை இளகச் செய்தல்

முதலில் உம்மை நீரே சோதித்துக் கொள்ளலாம். பாயிலே மல்லாந்து படுத்து, ஒரு முழந்தாளை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக் கொள்ளும். மற்றைக் காலைப் பாயில் நேரே நீட்டி வையும். நீட்டிய காலின் தொடை பாயை விட்டு மேலே எழும்புகின்றதா? எழும்பினால், அப்பக்கத்து இடுப்பின் முன்புறம் இறுகியிருக்கின்றது என்று கொள்க.

இதற்குரிய நீட்டற் பயிற்சி எளிது. ஒரு முழந்தாளைத் தலையணை மேல் ஊன்றி, மற்றைக் காலை முன்னே மடித்து வைத்து நில்லும். ஊன்றிய பக்கத்துப் பிட்டத்தை இறுக்கியபடி உடலைச் சிறிது முன்னே நகர்த்தும். நாரி உள்வளையலாகாது. இடுப்பின் முன்புறத்தில் மெல்லிய இழுவை தோன்றும். அந்நிலையில் முப்பது செக்கன் நின்று, பக்கம் மாற்றும்.

அடுத்தது பின்தொடைக்கு. மல்லாந்து படுத்து, ஒரு பாதத்தில் துவாயொன்றை மாட்டி, அக்காலை இயன்றவரை நேராக மேலே உயர்த்தும். முழந்தாள் சிறிது மடிந்திருந்தாற் குற்றமில்லை. நின்றபடி குனிந்து கால்விரலைத் தொட முயல்வதிலும் இது நாரிக்கு இதமானது.

மூன்றாவது பிட்டத் தசைகளுக்கு. மல்லாந்து படுத்து, ஒரு கணுக்காலை மற்றைத் தொடையின் மேல் வைத்து, அத்தொடையை நெஞ்சை நோக்கி மெல்ல இழுக்கவும்.

ஒவ்வொன்றையும் பக்கத்துக்கு இரண்டு மூன்று முறை செய்தல் போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்தல் வேண்டும்; நாள்தோறும் செய்தால் பயன் மிகும். மூச்சை அடக்குதலும், துள்ளித் துள்ளி இழுத்தலும், பல்லைக் கடித்துக்கொண்டு நோவைப் பொறுத்தலும் கூடா.

இப்பயிற்சிகளை ஓட்டத்துக்குச் சற்று முன்னே செய்யாதீர்கள். தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாது நீட்டி வைத்தபின் உடனே ஓடினால் அதன் வேகமும் வலிமையும் சிறிது குறைகின்றன. ஓடுமுன் தேவைப்படுவது அசைவு: ஐந்து நிமிட விரைவு நடை, கால்களை முன்னும் பின்னுமாக ஊஞ்சல்போல வீசுதல், முழந்தாளை உயர்த்தி நடத்தல், பின்னர் மெல்லோட்டம். நீட்டற் பயிற்சிகளை ஓட்டத்தின் பின்னோ மாலையிலோ வைத்துக்கொள்க.

விடியற்காலையில் ஓடுவோர்க்கு இன்னுமொரு செய்தி. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. மாலையிலும் பார்க்கக் காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றர் வரை உயரமாயிருப்பதற்கு இதுவே காரணம். பருத்த வட்டு குனியும்போது கூடிய அழுத்தத்துக்கு உள்ளாகின்றது. ஆதலின், நாரி நோவுள்ளவர் பாயை விட்டு எழுந்தவுடன் ஆழக் குனிதலையும் பாரம் தூக்குதலையும் தவிர்த்து, சிறிது நேரம் நடமாடியபின் பயிற்சி செய்தல் நலம்.

வளைந்த முள்ளந்தண்டும் உலக சாதனையும்

இளகிய இடுப்பு மட்டும் போதாது. நடுவுடலைத் தாங்கும் வலிமையும் வேண்டும். ஜமைக்கா நாட்டு ஓட்டவீரர் உசைன் போல்ட்டை அறியாதார் இலர். 2009ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேர்ளின் நகரில் நூறு மீற்றரை 9.58 செக்கனில் ஓடியவர் அவர். அவ்வீரரின் முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்தது என்பதைப் பலர் அறியார். வயது ஏற ஏற அவ்வளைவு அவருக்குத் தொல்லை கொடுத்தது. நடுவுடலையும் முதுகையும் வலிமையாக வைத்திருக்கும்வரை அது தம்மை அவ்வளவாக வருத்துவதில்லை என்று அவரே கூறியிருக்கின்றார். நேரான முள்ளந்தண்டு வாய்த்தவன்தான் ஓடலாம் என்ற விதி எங்குமில்லை.

இவ்வலிமைக்கென, கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த ஸ்ருவேட் மக்கில் மூன்று பயிற்சிகளைப் பரப்பினார். அவற்றுக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை.

ஒன்று: மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து, மற்றையதை நீட்டி, கைகளை நாரிக்குக் கீழே வைத்து, தலையையும் தோளையும் பாயிலிருந்து சிறிதளவே உயர்த்துதல். நாரி அசையலாகாது.

இரண்டு: ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடித்தல். தொடக்கத்தில் முழந்தாள்களை மடித்து, அவற்றின்மேல் தாங்கிச் செய்யலாம்.

மூன்று: தவழும் குழந்தைபோல நின்று, வலக் கையை முன்னேயும் இடக் காலைப் பின்னேயும் நேராக நீட்டுதல், பின்னர் மாற்றிச் செய்தல். முதுகின்மேல் ஒரு கோப்பை தேநீர் வைத்தாலும் சிந்தாத வண்ணம் நாரி நிலையாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நிலையையும் ஏறத்தாழப் பத்துச் செக்கன் பிடித்து விடுக. சிலமுறை செய்து, நாட்செல்லத் தொகையை ஏற்றுக. இவற்றோடு, மல்லாந்து படுத்து முழந்தாள்களை மடித்துப் பிட்டத்தை உயர்த்தும் பாலப் பயிற்சியையும் சேர்த்துக்கொண்டால் ஓடுவோர்க்கு நன்மை மிகும்.

ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு நஞ்சு

எல்லா நாரிக்கும் ஒரே பயிற்சி பொருந்துமா? பொருந்தாது. 1956ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் நிகழ்ந்ததொன்று இதனை விளக்கும். றொபின் மக்கென்சி என்னும் இயன்மருத்துவரிடம், நாரியிலிருந்து காலுக்கு நோவு பரவிய ஒருவர் பல நாளாகச் சிகிச்சை பெற்று வந்தார். குணமேதும் காணவில்லை. ஒருநாள் மக்கென்சி அவரை உள்ளே சென்று குப்புறப் படுத்திருக்கும்படி கூறிவிட்டு, வேறு வேலையில் ஈடுபட்டார். அங்கிருந்த மேசையின் தலைப்பக்கம், முன்வந்த நோயாளிக்காக உயர்த்தப்பட்டபடியே இருந்தது. வந்தவர் அதன்மேலேயே குப்புறக் கிடந்தார். நாரி நன்றாகப் பின்வளைந்திருந்தது. சிறிது நேரத்தின் பின் திரும்பிய மக்கென்சி அந்நிலையைக் கண்டு திடுக்கிட்டார். நோயாளியோ, பல நாளாக இல்லாத சுகம் இப்பொழுது உண்டு, கால் நோவு போய்விட்டது என்றார். அக்காலத்தில் நாரியைப் பின்வளைப்பது தீங்கென்று கருதப்பட்டது. அந்நிகழ்ச்சியிலிருந்தே மக்கென்சியின் பெயரால் வழங்கும் சிகிச்சைமுறை வளர்ந்தது.

பின்வளைதல் எல்லோர்க்கும் நன்று என்பதன்று இதன் பொருள். மேலே கூறிய என்பு வெடிப்புள்ள பிள்ளைக்கு அது தீங்கே செய்யும். ஆகவே, நோவின் போக்கைக் கவனிக்கப் பழகுதல் வேண்டும். ஒரு பயிற்சியினாற் காலுக்கு இறங்கிய நோவு மேலேறி நாரியளவில் ஒடுங்கினால் அது நற்குறி. நோவு நாரியிலிருந்து கீழே காலை நோக்கி இறங்கினால் அப்பயிற்சியை அன்றே நிறுத்துக.

எண்ணெய் தேய்த்தலும் ஒத்தணமும் சுகந்தரும், செய்வதில் தடையில்லை. ஆனால், அவை இடுப்பை இளகச் செய்யா, வயிற்றுத் தசையை வலிதாக்கா. நாள்பட்ட நாரி நோவுக்கு அரைப்பட்டியை வழமையாகக் கட்டுதல் வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டிலே அறிவுறுத்தியது. நோ தணிக்கும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுதலோ, வீட்டிலே தீப்பிடிக்க மணியைக் கழற்றி வைத்தல் போன்றது.

மீண்டும் மைதானத்துக்கு

நோவு தணிந்த பின் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாகாது. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடத்தல் என மாறி மாறிச் செய்க. அன்று சிறிது நோவு தோன்றி மறுநாட் காலைக்குள் மறைந்தால் பயமில்லை. மறுநாளும் நின்றால் தூரம் கூடிவிட்டது என்று அறிந்து குறைத்துக்கொள்க. காலை நெடுந்தூரம் முன்னே எட்டி வைக்காது, குறுகிய அடிகளை அடிக்கடி வைத்தால் இடுப்பின்மேலும் முழந்தாளின்மேலும் விழும் தாக்கம் குறையும். படிக்கும்போது அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தில் நாலடி நடத்தலையும் பயிற்சியின் ஒரு பங்காகவே கருதுக.

எங்கள் மாணவன் நாலு வாரம் இவற்றை ஒழுங்காகச் செய்தான். மாலை ஆறு மணிக்கு அவன் பாயை விரிக்கும்போது, தாயார் அருகிருந்து செக்கன்களை எண்ணுவார். சில நாளில் அவரும் பக்கத்திலே பாய் விரித்துக்கொண்டார். அவருடைய நாரியும் அடுப்படியிலே நாள் முழுவதும் நிற்பதுதானே!

போட்டி நாளன்று அவன் ஐந்தாவதாக வந்தான். பரிசு கிடைக்கவில்லை. ஓட்டம் முடிந்ததும் புல்லிலே அமர்ந்து சப்பாத்தைக் கழற்றியவன், கையை ஊன்றாமலே எழும்பினான். கூட்டத்திலே நின்ற தாய் கவனித்தது அதனைத்தான்.